இருபத்து மூன்று வாட்ஸ் ஓவன்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்கு வருடம் மின்னியல் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கிய நான், அந்த நான்கு வருடத்தில் ஒரு மீட்டரின் ரீடிங்கைக்கூட என் சொந்தக் கண்ணால் பார்த்து எழுதியதில்லை. ஆய்வகத்தில் எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஒருவன் ஒயரை மாட்டுவான், ஒருவன் சுவிட்சைப் போடுவான், மீதி ஆறு பேரும் சீனியர் அண்ணன் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவோம். அந்த அண்ணன் தனக்கு முந்தைய அண்ணனைப் பார்த்து எழுதியிருப்பார். இப்படியே பின்னால் போனால், கல்லூரி தொடங்கிய வருடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் உண்மையாகவே அளந்திருக்க வேண்டும். (அவரும் அளந்தாரா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்தான்.)

சூத்திரம் மட்டும் தலைகீழ்ப் பாடம். வோல்ட்டேஜைக் கரென்ட்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் பவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படிப்பு முடிந்ததும் எல்லோரையும் போல மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து, முகப்பேரில் நண்பர்களோடு ஒரு ஃபிளாட்டில் குடியேறினேன். அதற்குப் பிறகு ஆறு வருடங்களில் மின்சாரத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு லேப்டாப் சார்ஜர்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அம்பத்தூர்ப் பெண், பெயர் ஜெனி. வேலை, ஒரு தனியார் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பயிற்றுநர். இதைக் கேட்டதும் என் மனதில் என்ன ஓடியது என்பதை இன்று எழுதவே கூசுகிறது. 'பரவாயில்லை, ஸ்க்ரூடிரைவர் வேலைதான், தியரியை நாம் பார்த்துக்கொள்வோம்' என்று நினைத்தேன். பி.இ. என்ற இரண்டு எழுத்து மனிதனின் கண்ணை எந்த அளவுக்கு மறைக்கும் என்பதற்கு நான் ஓர் உதாரணம்.

கொடுமை என்னவென்றால், ஜெனியின் அம்மா பிலோமினா அத்தைக்கும் இதே எண்ணம்தான். அக்கம்பக்கத்தில் மகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவ சொம்மா ஐடிஐ" என்பார். என்னைப் பற்றி வந்தால் "மாப்ள கரென்ட் இன்ஜினியரு" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சொல்வார். நான் மறுத்ததே இல்லை.

ஜனவரியில் திருமணம். டிசம்பரில் கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். (எங்கள் கத்தோலிக்கர் வழக்கம் இது. திருமணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்பார்கள். அந்த வரியை வாசிக்கும்போது எந்தத் தப்பும் செய்யாதவனும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பான்.) இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது ஓலைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம், கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்காக என் வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வாசலிலேயே கேக் வாசனை. பங்கு மாதர் குழு கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அத்தையிடம் இருபத்தெட்டு பிளம் கேக் கேட்டிருந்தது. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் விற்பனை. பன்னிரண்டு வெந்து வரிசையாக மேசையில் இருந்தன, ஓவனில் இருந்த நாலையும் சேர்த்துப் பதினாறு பாக்கி. ஓர் ஓவனில் ஒரு தடவைக்கு நாலு கேக், ஒன்றேகால் மணி நேரம். ஆறு மணிக்கு எல்லோரும் கல்யாணப் புடவை எடுக்கக் கிளம்ப வேண்டும். அத்தை கடிகாரத்தைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இன்னொரு ஓவனும் வாங்கி வச்சுக்கீறோம். ரெண்டையும் சேத்துப் போட்டா ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடும். ஆனா இவ போடவுட மாட்டேன்றா."

இவ என்று அத்தை கை காட்டிய இடத்தில் ஜெனி இல்லை. (அவள் ஐடிஐ-யில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தாள், நாலு மணிக்குத்தான் வருவாள்.) அவளுக்குப் பதிலாக சுவிட்ச்போர்டுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: 'அம்மா, ரெண்டு ஓவனையும் சேர்த்துப் போடாதே. ஒரே பாயிண்ட் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை தனி லைன் இழுத்துத் தர்றேன். – ஜெனி.'

"அவ வந்து பாக்கட்டும்மே, நாலு மணிக்கு வந்துடுவா இல்ல" என்றார் ஆரோக்கியசாமி மாமா. ஜெனியின் அப்பா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் மெஷின் ஓட்டியவர், எதற்கும் பதறாத மனிதர்.

"நாலு மணிக்கு மேல போட்டா எப்ப முடியறது? மாப்ளதான் கரென்ட்டுக்குன்னே படிச்சவராச்சே, அவரு ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார் அத்தை.

அந்த நேரத்தில் ஓர் ஒழுங்கான மனிதன் என்ன செய்திருப்பான்? 'ஜெனி சொன்னபடி செய்யலாம் அத்தை' என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு கேக்கைத் தின்றிருப்பான். நான் சட்டைக் கையை மடித்து விட்டேன்.

"சும்மா போடலாம் கூடாதுன்னு சொல்லக் கூடாது அத்தை. அளந்து பார்த்துட்டுச் சொல்லணும். மீட்டர் இருக்கா?"

மீட்டர் ஃபிரிட்ஜ் மேல் உறை போட்டு இருந்தது. ஜெனியுடையது. கிளாம்ப் மீட்டர் என்பார்கள். நண்டின் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும். ஒயரை வெட்டாமல், தொடாமல், அந்த வாய்க்குள் விட்டாலே எத்தனை ஆம்பியர் கரென்ட் போகிறது என்று காட்டிவிடும். கல்லூரியில் படத்தில் பார்த்திருக்கிறேன்.

"அது அவளோடது. தொட்டா கத்துவா" என்றார் மாமா.

"நான் சொல்லிக்கிறேன் மாமா."

பழைய ஓவன் அப்போது நாலு கேக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அதன் தடித்த கறுப்பு ஒயரைக் கையில் எடுத்து, கொடுக்கின் வாயைத் திறந்து, ஒயரை உள்ளே விட்டு மூடினேன். அளவெடுத்துச் செய்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. திரையில் 0.1 என்று வந்தது.

எழுதத் தாள் தேடினேன். பத்திரிகை மாதிரியில் எழுத முடியாது. சுவிட்ச்போர்டுக்கு மேலே ஒட்டியிருந்த தாளை உரித்து, பின்பக்கம் திருப்பினேன். (ஆமாம், அதே தாள்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.) பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"வோல்ட்டேஜ் இருநூத்து முப்பது. கரென்ட் பாயிண்ட் ஒண்ணு. பெருக்கினா பவர் இருபத்து மூணு வாட்ஸ். வகுத்தா ரெசிஸ்டன்ஸ் ரெண்டாயிரத்து முந்நூறு ஓம்ஸ். அவ்வளவுதான் அத்தை. இந்த ஓவன் இழுக்கறது வெறும் இருபத்து மூணு வாட்ஸ். டியூப்லைட்டை விடக் கம்மி."

அத்தையின் முகத்தில் வந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாமா மட்டும் ஓவனுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, பின்னாடி ஸ்டிக்கர்ல ரெண்டாயிரம் வாட்ஸுன்னு போட்டுக்கீதே."

"அது அதிகபட்சம் மாமா. கம்பெனிக்காரங்க எப்பவும் கூட்டித்தான் போடுவாங்க."

"கூட்டிப் போடலாம் மாப்ள. அதுக்குன்னு இருவத்தி மூணை ரெண்டாயிரம்னா போடுவான்?"

"தெர்மோஸ்டாட்னு ஒண்ணு இருக்கு மாமா" என்றேன், மேலும் விளக்கம் தேவையில்லை என்ற குரலில். தெர்மோஸ்டாட் என்றால் என்ன என்று அவர் கேட்டிருந்தால் அந்த நிமிடமே மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. வருங்கால மருமகனைச் சபையில் மடக்கக் கூடாது என்ற நாகரிகம் அவருக்கு இருந்தது.

இருபத்து மூன்று வாட்ஸில் நாலு கிலோ கேக் வேகுமா என்று அந்தச் சமையலறையில் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடித்தது. அனலைத் துடைத்துக்கொண்டே டியூப்லைட்டை விடக் கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெந்த நாலு கேக்கை எடுத்த பிறகு, மீதி மாவில் எட்டுத் தட்டுகளை நிரப்பி, ஒரே பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, இரண்டு ஓவனையும் மாட்டினோம். அத்தை சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எட்டுக் கேக்கும் அழகாக உப்பி வந்தன. அந்தப் பத்து நிமிடங்களில் ஒரு கேக் துண்டும், இரண்டாவது டம்ளர் காபியும், ஜெனியின் பெரியம்மா ரோஸ்லின் வாயால் "கெட்டிக்கார மாப்ள" என்ற பட்டமும் எனக்குக் கிடைத்தன. பெரியம்மா லேசில் யாரையும் பாராட்டாதவர். புடவை எடுக்க எங்களோடு வருவதற்காகச் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார்.

அத்தோடு விட்டிருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்பேன். மாமா மறுநாள் பூசைக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்க்க வேண்டும் என்று இஸ்திரிப் பெட்டியோடு வந்து, இதையும் இங்கேயே மாட்டலாமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"தாராளமா மாட்டுங்க மாமா! ரெண்டு ஓவனும் சேர்ந்தே நாப்பத்தாறு வாட்ஸ்தான். இன்னும் பத்து ஓவன் மாட்டலாம்!"

மாட்டினார். சட்டையின் ஒரு கையைத்தான் தேய்த்திருப்பார். முதலில் ஒரு வாடை வந்தது, ரப்பர் செருப்பைத் தணலில் போட்ட மாதிரி. பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து நூலாகப் புகை. "மாப்ள!" என்று பெரியம்மா அலறியதும், 'டப்' என்ற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நின்றன. இரண்டு ஓவனின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

இப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"தெருவிலேயே கரென்ட் போயிருக்கும்" என்றேன். எதிர் வீட்டில் தொலைக்காட்சித் தொடரின் மாமியார் ஓங்கிய குரலில் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரு நிமிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷனின் முள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஓவன் கண்ணாடியின் பின்னால், உப்பி நின்ற எட்டுக் கேக்கும் ஒவ்வொன்றாக நடுவில் அமுங்கின. மாமா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"நம்ம தெரு ரோடு மாதிரி கீது" என்றார்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மணி நாலு.

ஜெனி உள்ளே வந்தாள். புகை வாடையை மோந்தாள். வெறுமையாக இருந்த சுவருக்கும், மேசை மேல் கிடந்த தன் மீட்டருக்கும், அதன் பக்கத்தில் நின்ற எனக்கும் அவள் கண் போய் வந்தது. மெயினை அணைத்துவிட்டு வந்து, "எங்க அந்தப் பேப்பர்?" என்றாள்.

கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பி முழுவதும் படித்தாள். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம்.

"யாருக்கும் கையில மேல சூடு படல இல்ல?" என்று கேட்டாள். படவில்லை என்று மாமா சொன்னார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கம்மாவுக்கு என் வார்த்தை மேல நம்பிக்கை கிடையாது. அது பழகிடுச்சு. நீங்க வந்தப்புறம் அது மாறும்னு நினைச்சேன். நீங்க என் எழுத்தைக் கிழிச்சு அது மேலயே கணக்குப் போட்டிருக்கீங்க."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் இதைச் சொல்லிவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். எனக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. சாக்குச் சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தது: மீட்டர் கோளாறு, பழைய ஒயரிங், தெர்மோஸ்டாட். "தப்பு என்னோடதுதான் ஜெனி. நீ எழுதினதைக் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவளை 'நீங்க' போட்டுத்தான் பேச வேண்டும் என்று என் வீட்டில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தவன் நான். அன்று பதற்றத்தில் அதுவும் மறந்துவிட்டது.

பெரியம்மா தொண்டையைச் செருமினார். "ஏண்டி பிலோ, நாளிக்கு மூணாவது ஓலதானே? இன்னும் ஒரு தபா யோசிச்சுக்கினு வாசிக்கச் சொல்லலாமே" என்றார். பத்து நிமிடங்களுக்கு முன்னால் எனக்குப் பட்டம் கொடுத்த அதே பெரியம்மா.

ஜெனி பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். காலையிலிருந்து தேர்வுத் தாள் திருத்திய கை. என் கணக்கையும் திருத்தத் தொடங்கினாள்.

"ஃபார்முலா ரெண்டும் சரி, ரெண்டு மார்க். வாட்ஸ், ஓம்ஸ்னு யூனிட் போட்டிருக்கீங்க, ஒரு மார்க். பெருக்கல், வகுத்தல் சரி, ஒரு மார்க். வோல்ட்டேஜ் அளந்தீங்களா?"

"இல்ல. இருநூத்து முப்பதுதானே எப்பவும்..."

"மனப்பாடம். மார்க் கிடையாது. கரென்ட் எப்படி எடுத்தீங்க? செஞ்சு காட்டுங்க."

ஒயரைக் கொடுக்குக்குள் விடுவது போலச் செய்து காட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"முழு ஒயரையும் உள்ள விட்டா எப்படி? அதுக்குள்ள போற ஒயரும் இருக்கு, திரும்பி வர்ற ஒயரும் இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். அப்பா காலையில வேலைக்குப் போறாரு, சாயங்காலம் வர்றாரு. வாசல்ல நின்னு போனதுலேர்ந்து வந்ததைக் கழிச்சா, அப்பா வேலைக்கே போகலைன்னு வரும். முப்பது வருஷம் லேத் ஓட்டினது யாரு?"

"அப்படிக் கேளு கண்ணு" என்றார் மாமா.

தாளின் ஓரத்தில் பத்துக்கு நாலு என்று வட்டம் போட்டாள். அதற்குக் கீழே ஒரு வரி: 'திரும்பச் செய்து காட்டவும்.' கட்டிலுக்கு அடியிலிருந்து புது ஒயர்ச் சுருளையும் டூல்ஸ் பையையும் இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கி வைத்தது. "ஸ்டூலைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன்.

மாமா முட்டையும் வெண்ணெயும் வாங்க ஓடினார். அத்தை எட்டுக் கேக்குக்குப் புதிதாக மாவு கலக்க உட்கார்ந்தார். ஜெனி மெயின் போர்டிலிருந்து சமையலறைக்குத் தனி லைன் இழுத்தாள். நான் ஸ்டூலைப் பிடித்தேன், டார்ச் அடித்தேன், கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன், தப்பான கிளிப்பைக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். ஒயர் உறையை அவள் சீவுகிற வேகத்தையும், ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு ஒவ்வொரு ஒயரையும் இழுத்துச் சோதிக்கிற பொறுமையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்க்ரூடிரைவர் வேலை என்று நினைத்த என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு கையும் ஸ்டூலில் இருந்ததால் முடியவில்லை.

ஆறு மணிக்குக் கரென்ட் வந்தது. பழைய ஓவன் பழைய பாயிண்டில் (உருகியதை மாற்றிவிட்டாள்), புது ஓவன் புது லைனில். போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு மீட்டரைக் கையில் கொடுத்தாள். மாணவர்களுக்காக அவள் செய்து வைத்திருந்த ஒரு முழ ஒயரைப் பழைய ஓவனுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தாள். மேல் உறை இல்லாமல் உள்ளே இருக்கும் மூன்று ஒயரும் தனித்தனியாகப் பிரிந்து இருக்கும்.

"ஒரே ஒரு ஒயர்" என்றாள்.

ஒரே ஒரு ஒயரை உள்ளே விட்டேன். ஓவனைப் போட்டதும் 8.4 வந்தது. வோல்ட்டேஜையும் அளந்தேன். 222.

"பெருக்கினா..." என்று தொடங்கினேன். மனக்கணக்கில் மட்டும் நான் அப்போதும் வல்லவன். "ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தஞ்சு வாட்ஸ். வகுத்தா இருபத்தாறரை ஓம்ஸ் கிட்ட."

"அப்போ ஸ்டிக்கர்ல ரெண்டாயிரம்னு போட்டுக்கீறது பொய்யா?" என்றார் மாமா. அவருக்கு அன்று முழுவதும் ஸ்டிக்கர் கவலைதான்.

"பொய்யில்லப்பா. அது இருநூத்து முப்பது வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. நம்ம தெருவுல இன்னிக்கு வோல்ட்டேஜ் கம்மி. ரெசிஸ்டன்ஸ் அதேதான், அதனால கரென்ட்டும் குறையும், பவரும் குறையும்."

"அதான் கேக்கு வேக லேட்டாவுதா?" என்று அத்தை கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சாயங்காலம் ஆனால் கேக் வேக நேரம் கூடுகிறது என்று அவர் பத்து வருடமாகச் சொல்லிவந்திருக்கிறார், யாரும் காது கொடுத்ததில்லையாம். "ஆமாம்மா, அதான்" என்றாள் ஜெனி. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை அந்த வீட்டில் நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குள் மீதிப் பன்னிரண்டில் ஒவ்வொன்றும் உப்பி, வெந்து, மேசைக்கு வந்துவிட்டது. புடவை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அமுங்கிய எட்டையும் அத்தை அதற்குப் பிறகு மறுபடி வேகவைத்து எடுத்தார். அதில் பாதியைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார், மீதி என்னோடு முகப்பேர் வந்தது. என் நண்பர்கள் ஒரு வாரம் அதையே காலை உணவாகத் தின்றார்கள்.

மறுநாள் காலைப் பூசைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அம்பத்தூர் கோயிலில் இருந்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை. நான் கிளம்பும்போது ஜெனி என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை "டார்ச்சை எடுத்த இடத்துல வைங்க" என்பதுதான். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. பெண்கள் பக்கத்தில் அவள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடியும் நேரத்தில் சாமியார் அறிவிப்புத் தாளை எடுத்தார். மூன்றாம் ஓலை என்றார், என் பெயரை வாசித்தார், அவள் பெயரை வாசித்தார். "இவர்கள் திருமணத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள்..." என்று அவர் நிறுத்தி மூச்சு வாங்கியபோது, ரோஸ்லின் பெரியம்மா பலமாகச் செருமினார்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா மார்பைத் தடவிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இரண்டு மடக்குக் குடித்தார். முந்தைய நாள் அமுங்கிய கேக்கை ஒரே மூச்சில் தின்றதில் தொண்டை கட்டிக்கொண்டதாம். சாமியார் வாசித்து முடித்தார். அப்போதுதான் ஜெனி திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்திருந்தாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்ற எல்லோரும் அப்போது நின்றுகொண்டிருந்தார்கள்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது வேப்பம்பட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். ஒயரிங் முழுவதும் ஜெனியின் மேற்பார்வை. மெயின் போர்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்தத் தாள் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் மாமா அதைக் காட்டி, இருபத்து மூன்று வாட்ஸ் கதையை முதலிலிருந்து சொல்வார். ஒவ்வொரு தரமும் அமுங்கிய கேக்கின் எண்ணிக்கை இரண்டு கூடும். கடைசியாகக் கேட்டபோது இருபத்திரண்டில் நின்றது.

புது வீட்டு வேலை நடந்தபோது ஒரு நாள் ஜெனியிடம் கேட்டேன். "அன்னிக்கு நீ நினைச்சிருந்தா மூணாவது ஓலையை நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தல? நாலு மார்க்தான் போட்டே."

சுவிட்ச் பெட்டியில் ஒயரை நுழைத்துக்கொண்டே சொன்னாள். "என் பசங்க பாதிப் பேர் ஸ்டிக்கரைப் பார்த்துட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி ரீடிங் எழுதிட்டுப் போயிடுவாங்க. ஸ்டிக்கர் உங்க கண்ணு முன்னாடியே இருந்துச்சு. அப்பா வேற படிச்சுக் காட்டினாரு. அப்பவும் நீங்க மீட்டர்ல வந்ததைத்தான் எழுதினீங்க. கேவலமான ரீடிங். ஆனா பொய் ரீடிங் இல்ல. அப்புறம், தப்பு என்னோடதுன்னு சொன்னீங்க. மீட்டர் மேல பழி போடல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லூரியில் நான் எழுதிய ஒரு ரீடிங்கும் என்னுடையது இல்லை. வாழ்க்கையில் நானே அளந்து நானே எழுதிய முதல் ரீடிங் அந்த 0.1 தான். அதற்குத்தான் நாலு மார்க் வாங்கியிருக்கிறேன். புது வீட்டின் முதல் பிளக் பாயிண்டை, ஒரே ஒரு ஒயரை விட்டு, வோல்ட்டேஜையும் மறக்காமல் அளந்து, கணக்கோடு அவளிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தாள். சட்டத்தைக் கழற்றி, நாலை அடித்து ஐந்து போட்டாள்.

"பாஸ் மார்க் எவ்வளவு?"

"ப்ராக்டிகல்ல ஆறு."

போன டிசம்பரில் புது வீட்டில்தான் கேக் வேலை. இரண்டு ஓவன், இரண்டு தனி லைன். மாவு கையோடு அத்தை சமையலறை வாசலுக்கு வந்து, வீடு முழுவதும் கேட்கும்படி கூவினார்.

"மாப்ள! இருவத்தி மூணு வாட்ஸை ரெண்டையும் போட்டுடட்டுமா?"

"ஜெனியைக் கேளுங்க அத்தை!"

"அவளக் கேட்டுக்கினுதான் வர்றேன். உங்களச் சொம்மா கேட்டேன்."